ஸ்பெஷல் தக்காளி விதை காம்போ ரிவ்யூ: விதை அருமை, கூட வர்ற நோட்டீஸ் தான் தப்பு

போன ஆடி மாசம் ஆன்லைன்ல ஒரு விதைக் கடையில ஸ்பெஷல் தக்காளி காம்போன்னு ஒண்ணு வாங்கினேங்க. 8 ரகம், ரகத்துக்கு 10 விதை, 390 ரூபாய், கூரியர் தனி. செரோக்கி பர்ப்பிள், பிராண்டிவைன், சான் மர்சானோ, ரோமா, யெல்லோ பேர், கிரீன் ஜீப்ரா, இண்டிகோ ரோஸ், டைனி டிம். விதை முளைச்ச அடுத்த வாரமே ரிவ்யூ போடறது எனக்குப் பிடிக்காது, அதனால ஒரு சீசன் முழுக்க வளர்த்து, பறிச்சு, சமைச்சு, இப்போ சித்திரை வெயில்ல கடைசி செடிப் பையையும் காலி பண்ணிட்டு தான் எழுதறேன். கடை பேரு போடல. ஏன்னா நான் சொல்லப்போற குறை அந்த ஒரு கடையோடது மட்டும் இல்ல, இதுக்கு முன்னாடி வேற ரெண்டு இடத்துல வாங்கினப்பவும் இதே கதை தான்.

எங்க வீடு கோயம்புத்தூர், வடவள்ளி பக்கம். மொட்டை மாடி, காலையில இருந்து மதியம் 3 மணி வரைக்கும் நல்ல வெயில். இங்க ஆடிக்காத்து எப்படி அடிக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அதனால ஆடி கடைசி வாரத்துல குழித்தட்டுல விதை போட்டு, காத்து அடங்கி ஆவணி கடைசியில தான் பைக்கு மாத்தினேன். ரகத்துக்கு 6 விதை வீதம் 48 போட்டதுல 41 முளைச்சுது. ரொம்ப நல்ல முளைப்பு, இதுல குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. ரகத்துக்கு ரெண்டு நாத்து வச்சுக்கிட்டு மீதியை அக்கம்பக்கத்துல கொடுத்துட்டேன். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக நம்ம ஊரு தக்காளி ரகமான பிகேஎம் 1 ரெண்டு செடியும் கூடவே வச்சேன்.

இப்போ குறைக்கு வர்றேன். பாக்கெட் கூட ஒரு சின்ன நோட்டீஸ் வந்துச்சு, அதுல 8 ரகத்துக்கும் சேர்த்து ஒரே மாதிரி எழுதியிருக்காங்க: 12க்கு 12 இன்ச் பை போதும், ஒரு குச்சி போதும், பக்கக் கிளை எல்லாத்தையும் கிள்ளிருங்க. இது எப்படிங்க 8 ரகத்துக்கும் பொருந்தும்? டைனி டிம் ஒண்ணரை அடி கூட வளராது, யெல்லோ பேர் தண்ணி டேங்க் மேல ஏறிப் போயிருச்சு. ரெண்டும் தக்காளி தான், ஆனா வளர்ற விதம் ஆடும் ஆலமரமும் மாதிரி, சம்பந்தமே இல்ல. தக்காளி விதை வாங்கறப்ப கலரு, ருசி, பழத்தோட சைஸு எல்லாத்தையும் விட முதல்ல தெரிய வேண்டியது அது கொடி ரகமா, செடி ரகமா, குட்டை ரகமாங்கறது தான். பை சைஸு, பந்தல், கிள்ளறது, எப்போ விதைக்கறது, எல்லாமே அதை வச்சு தான். அதைத்தான் இவங்க எழுதவே இல்ல, ஒரு ரகத்துக்கு மட்டும் எழுதினாங்க, அதையும் தப்பா எழுதினாங்க.

கொடி ரகம்னா, இன்டிடர்மினேட்னு சொல்வாங்க, அது பூத்துக்கிட்டே போகும், நிக்கவே நிக்காது. 3 இலை விடும், ஒரு பூங்கொத்து, திரும்ப 3 இலை, திரும்ப ஒரு கொத்து, இப்படியே நோயோ வெயிலோ வந்து நிறுத்தற வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கும். செடி ரகம், அதாவது டிடர்மினேட், முதல்ல அதே மாதிரி தான் ஆரம்பிக்கும், ஆனா போகப் போக ரெண்டு கொத்துக்கு நடுவுல 2 இலை, அப்புறம் 1 இலை, கடைசியில அந்தத் தண்டோட நுனியே பூங்கொத்தா முடிஞ்சுரும். அதுக்கு மேல அந்தத் தண்டு வளராது. இந்த குணம் 1914ல அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல தானா வந்த ஒரு மாற்றத்துல இருந்து கிடைச்சது, இன்னைக்கு வயல்ல பந்தல் இல்லாம புதர் மாதிரி வளர்ற தக்காளி எல்லாம் அந்த குணத்தை வச்சு தான். உங்க செடி எந்த வகைன்னு பாக்கெட் சொல்லலைன்னா, ரெண்டு கொத்து வந்ததும் நடுவுல எத்தனை இலைன்னு எண்ணிப் பாருங்க, செடியே சொல்லிரும்.

நான் இதை எண்ணக் கத்துக்கிட்டது ரோமாவால தான், அதுவும் நஷ்டப்பட்டு. நோட்டீஸ்ல போட்டிருக்கேன்னு முதல் ரோமா செடியில ஒவ்வொரு இலைக் கக்கத்துல வந்த கிளையையும் கிள்ளிட்டேன். ரெண்டாவது செடியை கிள்ளணும்னு நினைச்சப்ப பழனிக்குப் போக வேண்டி வந்துச்சு, திரும்பி வந்தா கிளை எல்லாம் பெருசாகி பூ விட்டிருந்துச்சு, மனசு வரல, அப்படியே விட்டுட்டேன். கிள்ளின செடி இடுப்பு உயரம் கூட வரல, நுனியில பூங்கொத்தோட முடிஞ்சு நின்னுருச்சு, மொத்தம் 9 பழம். கிள்ளாத செடியில 43 பழம், கார்த்திகை கடைசியில இருந்து மூணு வாரத்துக்குள்ள கிட்டத்தட்ட எல்லாமே பழுத்துருச்சு. ரோமா மாதிரி செடி ரகத்துல காய்க்கற இடமே அந்தப் பக்கக் கிளை தான். அதைக் கிள்ளினா பழத்தைக் கிள்ளற மாதிரி. தரையைத் தொடற கீழ் இலையை மட்டும் எடுங்க, மத்தபடி கையை வைக்காதீங்க. ஒரேடியா பழுக்கறதால தொக்கு, சாஸ் போடறவங்களுக்கு ரோமா ரொம்ப வசதி, நானும் அத்தையும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து மூணு பாட்டில் தொக்கு போட்டோம். சதை கெட்டி, தண்ணி கம்மி, சீக்கிரம் சுண்டிருச்சு.

அந்தத் தப்பா எழுதின ரகம் சான் மர்சானோ. பாக்கெட் மேலயே புஷ் வகைன்னு, அதாவது செடி ரகம்னு, பிரிண்ட் பண்ணியிருக்காங்க. பழம் ரோமா மாதிரி நீளமா இருக்கும், அதனால யாரோ ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டாங்க போல. சான் மர்சானோ முழு கொடி ரகங்க. இத்தாலியில வெசூவியஸ் மலைப் பக்கம் அதோட சொந்த ஊர்லயே கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கட்டி கட்டி தான் வளர்க்கறாங்க. எனக்கு இது பின்னாடி தான் தெரிஞ்சுது. புஷ் தானேன்னு நம்பி 12க்கு 12 பையில வச்சு, கைப்பிடிச் சுவர் ஓரமா ஒரே ஒரு மூங்கில் குச்சி தான் நட்டிருந்தேன். ஐப்பசியில ஒரு ராத்திரி காத்தும் மழையும் அடிச்சதுல ஒரு செடி நடுத்தண்டு முறிஞ்சு, அஞ்சு கொத்து பச்சைக் காயோட தரையில கிடந்துச்சு. காலையில மாடிக்குப் போயி அதைப் பாத்தப்ப வந்த வருத்தம் சொல்லி மாளாது, ரெண்டு மாசமா பாத்துப் பாத்து வளர்த்தது. மிச்சம் இருந்த ஒண்ணுக்கு வீட்டுக்காரர் அன்னைக்கே ஜிஐ கம்பி இழுத்து, மேல இருந்து சணல் கயிறு தொங்க விட்டு, தண்டைச் சுத்திச் சுத்தி ஏத்தி விட்டாரு, அது 7 அடி போச்சு. ஆனா பை சின்னது, வேருக்கு இடம் பத்தல, ஒரு வேளை தண்ணி தவறினாலும் வாடிரும், அதனால பழத்தோட அடிப்பகுதி கருப்பா தோல் மாதிரி அழுகிற பிரச்சினை வந்துருச்சு. இது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால வர்றது, மண்ணுல கால்சியம் இருந்தாலும் தண்ணி ஒழுங்கா போகலைன்னா வரும், நீளப் பழ ரகங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாவே வரும். முட்டை ஓடு போட்டேன், அதுல உடனே ஒண்ணும் ஆகல, காலையிலயும் சாயங்காலமும் அளவா தண்ணி விட ஆரம்பிச்ச பிறகு வந்த காய்ங்க தான் சுத்தமா வந்துச்சு. 15க்கு 15 பையில வச்சிருந்தா பாதி கஷ்டம் வந்திருக்காது.

கடைக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். மரியாதையா தான் பேசினாங்க, சான் மர்சானோ விதை ஒரு பாக்கெட் இலவசமாவும் அனுப்பினாங்க. ஆனா அந்தப் புது பாக்கெட்லயும் புஷ் வகைன்னு தான் இருந்துச்சு. எனக்கு விதை வேண்டாங்க, அந்த ஒரு வரியை மாத்தினா போதும்.

இனி செரோக்கி பர்ப்பிள். இந்தக் காம்போவை இது ஒண்ணுக்காகவே வாங்கலாம். அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல இருந்து ஒருத்தர் 1990ல தபால்ல அனுப்பின விதையை கிரெய்க் லெஹூலியர்ங்கறவர் வளர்த்துப் பாத்து, பேரு வச்சு, எல்லாருக்கும் பரப்பினது. கொடி ரகம். நான் ரெண்டு செடியையும் 15க்கு 15 பையில, ரெண்டு தண்டு மட்டும் விட்டு, மீதி பக்கக் கிளையை வாரத்துக்கு ஒரு தடவை கிள்ளினேன். காலையில பனி காஞ்ச பிறகு, கிளை சுண்டுவிரல் நீளம் இருக்கறப்பவே, ரெண்டு விரலால பிடிச்சு ஒரு பக்கமா சாய்ச்சா டக்குன்னு உடையும், கத்தரி வேண்டியதே இல்ல. விரல்ல பச்சையா ஒரு கறை ஒட்டும், சோப்பு போட்டா மஞ்சளா நுரை வரும், அந்த தக்காளி இலை வாசனை சாப்பிடற வரைக்கும் கையில இருக்கும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

முதல் பழம் கார்த்திகையில பழுத்துச்சு, ஆனா பழுத்ததே வீட்ல யாருக்கும் தெரியல. செவக்காது. தூசி படிஞ்ச மாதிரி ஒரு மங்கின ரோஸ் கலரு, காம்புப் பக்கம் பச்சையாவே இருக்கும். அத்தை அழுகிப் போச்சுன்னு சொல்லி எடுத்துப் போடச் சொன்னாங்க. லேசா அமுக்கிப் பாத்தேன், மெத்துன்னு இருந்துச்சு, அறுத்தா உள்ள கருஞ்சிவப்பு சதை, விதையைச் சுத்தி பச்சையா ஜெல்லி. உப்பு கூட போடல, ஆளுக்கு ஒரு துண்டு அப்படியே சாப்பிட்டோம். புளிப்பு கம்மி, இனிப்பு, பின்னாடி ஒரு ஆழமான ருசி, தக்காளின்னா இப்படி இருக்குமான்னு இருந்துச்சு. அத்தை பேசாம இன்னொரு துண்டு எடுத்தாங்க, அதுக்கு மேல ஒரு ரிவ்யூ வேணுமா. ஆனா ரசத்துக்கு இது சரிப்படாது, அதுக்கு புளிப்பு வேணும், பிகேஎம் 1 தான் ரசத்துக்கு. ஒரு செடிக்கு 14, 15 பழம் தான் வந்துச்சு, ஒவ்வொண்ணும் உள்ளங்கை நிறைய. தோல் மெல்லிசு, மழை பேஞ்ச மறுநாள் காம்பைச் சுத்தி வட்டமா வெடிக்கும், அதனால கலர் திரும்ப ஆரம்பிச்ச உடனே பறிச்சு உள்ள வச்சு பழுக்க வச்சேன், ருசி அவ்வளவா குறையல.

பிராண்டிவைன் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ரெண்டு செடியில மூணே மூணு பழம். ருசியில செரோக்கிக்கு சமம், ஆனா நம்ம சூட்டுக்கு காய் பிடிக்கறதே கஷ்டம், பூ பூவா உதிர்ந்துச்சு. ஆனா இந்த ரகத்துல ஒரு விஷயம் நாத்துலயே பாக்கலாம்: இதோட இலை மத்த தக்காளி இலை மாதிரி பல்லு பல்லா இருக்காது, உருளைக்கிழங்கு இலை மாதிரி ஓரம் வழவழன்னு இருக்கும். எனக்கு முளைச்ச 6 நாத்துல 5 அப்படி, ஒண்ணு மட்டும் பல்லு இலை. மூணாவது நாலாவது இலை வந்தும் அப்படியே இருந்தா அது விதை கலந்து போனதோ, பூவுல வேற ரகம் கலந்ததோ தான். அந்த ஒண்ணை நான் வச்சுக்கல. 6ல 1 கலப்புங்கறது கடைக்காரங்க கவனிக்க வேண்டிய விஷயம்.

யெல்லோ பேர் வளர்ற வேகம் பயமா இருக்குங்க. ஒரு தண்டுல அடக்கலாம்னு பாத்தேன், ஒரு வாரம் விட்டா நாலு தண்டு ஆயிருது. கம்பியைத் தாண்டி, துணிக்கொடியைப் பிடிச்சு, டேங்க் மேல ஏறி, மார்கழியில மஞ்சள் மஞ்சளா சின்னச் சின்ன பேரிக்காய் மாதிரி தொங்கினதைப் பாக்க கண்ணு போதாது. பக்கத்து வீட்டுப் பசங்க தினமும் ஸ்கூல் விட்டு வந்து ஒரு கிண்ணம் பறிச்சுட்டுப் போவாங்க. ருசி சுமார் தான், வெறும் மெல்லிய இனிப்பு, சமையலுக்கு ஆகாது. இடம் இருந்து, வீட்ல குழந்தைங்க இருந்தா ஒரே ஒரு செடி வைங்க, ரெண்டு வேண்டவே வேண்டாம். கிரீன் ஜீப்ராவும் கொடி தான், ஆனா இவ்வளவு அட்டகாசம் பண்ணாது, 5 அடியில கட்டுக்குள்ள இருந்துச்சு. பச்சை மேல பச்சைக் கோடு, பழுத்தா அடியில மஞ்சள் தட்டும், அப்போ தான் பறிக்கணும். நல்ல புளிப்பு, பச்சடிக்கு அவ்வளவு பொருத்தம். இதைப் பழைய காலத்து ரகம்னு நோட்டீஸ்ல போட்டிருக்காங்க, இல்ல, டாம் வேக்னர்னு ஒரு அமெரிக்கக்காரர் உருவாக்கி 1983ல கொண்டு வந்தது.

இண்டிகோ ரோஸ் அமெரிக்காவுல ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012ல வெளியிட்டது, காட்டுத் தக்காளியோட கலந்து கலந்து அந்த ஊதா நிறத்தைக் கொண்டு வந்தாங்க, மரபணு மாத்தினது இல்ல, நிறைய பேர் அப்படி நினைச்சுக்கிட்டு பயப்படறாங்க. செடிக்கும் கொடிக்கும் நடுவுல ஒரு வளர்ச்சி, 4 அடி வந்துச்சு, ஒரு நல்ல குச்சி போதும். வெயில் படற பக்கம் மட்டும் தான் ஊதா வரும். ஒரு காயோட காம்பு இதழைத் தூக்கிப் பாத்தேன், அந்த இதழ் மறைச்ச இடத்துல மட்டும் பச்சையா ஒரு நட்சத்திரம் அச்சு பதிச்ச மாதிரி இருந்துச்சு, அவ்வளவு அழகு. காயாவே ஊதா ஆயிடறதால எப்போ பழுத்துச்சுன்னு தெரியாது, அடிப்பகுதி பச்சையில இருந்து சிவப்பா மாறி, மேல் பளபளப்பு மங்கினா தான் பழம். நாங்க அவசரப்பட்டு முதல்ல பறிச்சதெல்லாம் ஒரே புளிப்பு. சரியா பழுத்தாலும் ருசி நடுத்தரம் தான்.

மாடி இல்லாதவங்களுக்கு, பால்கனி மட்டும் இருக்கறவங்களுக்கு, டைனி டிம். இது செடி ரகத்தை விடக் குட்டை. நாத்துலயே தெரியும், இலை கரும்பச்சையா சுருக்கம் சுருக்கமா, தண்டு கட்டையா இருக்கும். 8 இன்ச் தொட்டி போதும், கட்டவும் வேண்டாம், கிள்ளவும் வேண்டாம். எல்லா ரகத்துக்கும் முன்னாடி ஐப்பசியிலயே பழுத்தது இது தான், கோலிக்குண்டு சைஸ்ல சிவப்பா. நான் அந்தச் சுருக்கத்தைப் பாத்துட்டு இலைச்சுருட்டை நோய்னு நினைச்சு ஒரு நாத்தைப் பிடுங்கப் போயிட்டேன். குட்டை ரகத்துல சுருக்கம் முதல் இலையில இருந்தே ஒரே சீரா, கரும்பச்சையா இருக்கும். நோயா இருந்தா புது இலை தான் மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, சிறுத்துப் போகும், அடியில வெள்ளை ஈ இருக்கும். நோட்டீஸ்ல இந்த ஒரு விஷயம் இருந்தாலே நிறைய பேர் நல்ல செடியைப் பிடுங்காம இருப்பாங்க.

வெள்ளை ஈ எங்களுக்கும் தை கடைசியில வந்துச்சு. மஞ்சள் ஒட்டும் அட்டை, வாரம் ஒரு தடவை வேப்பெண்ணெய், அவ்வளவு தான் பண்ணேன், ஒரு கிரீன் ஜீப்ராவும் ஒரு யெல்லோ பேரும் வைரஸ் வந்து போச்சு. இந்த மாதிரி வெளிநாட்டுப் பழைய ரகங்களுக்கு நம்ம ஊரு இலைச்சுருட்டைக்கு எதிர்ப்பு கிடையாது, அதைத் தெரிஞ்சுக்கிட்டு தான் வாங்கணும். விளைச்சல் தான் முக்கியம், நோய் வரக்கூடாதுன்னா பெங்களூரு ஐஐஎச்ஆர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துல உருவாக்கின அர்கா ரக்ஷக் வாங்குங்க, இலைச்சுருட்டை, வாடல், முன்கருகல் மூணுக்கும் எதிர்ப்பு உள்ள ஹைப்ரிட், செடிக்கும் கொடிக்கும் நடு ரகம், ஒரு குச்சியில நிக்கும். ஹைப்ரிட்ங்கறதால அதோட விதையை எடுத்து வச்சு போட்டா அதே மாதிரி வராது. பெரியகுளத்துல உருவான பிகேஎம் 1 இருக்கவே இருக்கு, அன்னஞ்சி நாட்டு ரகத்துல இருந்து வந்தது, செடி ரகம், எங்க ரெண்டு செடியும் ஒரு கவனிப்பும் இல்லாம மொத்தம் 6 கிலோ கொடுத்துச்சு.

கொடி ரகம் தானே, வருஷம் முழுக்க காய்க்கும்னு விக்கறவங்க சொல்றாங்க. நம்ம ஊருல அது நடக்காதுங்க. ராத்திரி சூடு 22, 23 டிகிரியைத் தாண்டி, பகல் 35ஐத் தொட்டா மகரந்தம் கெட்டுப் போகும், பூ காயாகாம உதிரும். மாசி கடைசியில செரோக்கி கொடி 8 அடி உயரத்துல பச்சைப்பசேல்னு நிக்குது, பூவும் விடுது, ஆனா ஒரு பிஞ்சு கூட இல்ல. ஷேட் நெட் போட்டும் ஆகல. அதனால கொடி ரகத்தை ஆடி கடைசி, ஆவணி முதல் வாரத்துக்குள்ள விதைச்சுரணும், அப்போ தான் ஐப்பசியில இருந்து தை வரைக்கும் குளிர்ந்த ராத்திரி முழுசா கிடைக்கும். செடி ரகத்துக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம், அது ரெண்டு மூணு மாசத்துல வேலையை முடிச்சுக்கும், தை மாசம் இன்னொரு தடவை கூட விதைக்கலாம்.

கடைக்காரங்க இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். 2005 வாக்குல இருந்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா தோட்டக்காரங்க சேர்ந்து டுவார்ஃப் டொமேட்டோ ப்ராஜெக்ட்னு ஒண்ணு பண்றாங்க, அதே கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவுல பாட்ரினா நஸ்கே ஸ்மாலும் ஆரம்பிச்சது. செரோக்கி மாதிரி ருசியும் பெரிய பழமும், ஆனா தண்டு கட்டையா 3, 4 அடிக்குள்ள நிக்கற மாதிரி ரகங்க நிறைய கொண்டு வந்திருக்காங்க. காத்தடிக்கற மொட்டை மாடிக்கு இதை விடப் பொருத்தம் வேற எது? பிராண்டிவைனை எடுத்துட்டு அதுல ஒண்ணைக் காம்போவுல போடுங்க, நான் முதல் ஆளா வாங்கறேன்.

ரேட்டிங்னு கேட்டா விதைக்கு 5க்கு நாலரை, நோட்டீஸுக்கு 1. வாங்கறவங்க ஆனி மாசத்துக்குள்ள ஆர்டர் போடுங்க, விதை வர்றதுக்கு முன்னாடியே 15க்கு 15 பை அஞ்சு கொடி ரகத்துக்கும், 12க்கு 12 பை ரோமாவுக்கும் இண்டிகோ ரோஸுக்கும், ஒரு சின்னத் தொட்டி டைனி டிம்முக்கும் எடுத்து வைங்க, கம்பியும் கயிறும் நாத்து நடற அன்னைக்கே கட்டிருங்க. என்கிட்ட செரோக்கி விதை இப்போ ரெண்டு கவர் இருக்கு. நல்ல பழம் ரெண்டை அறுத்து, விதையை அந்த ஜெல்லியோட மூணு நாள் ஒரு டம்ளர்ல ஊற வச்சு, மேல ஆடை கட்டினதும் கழுவி, சில்வர் தட்டுல நிழல்ல காய வச்சது. கவர் மேல அத்தை தன் கையெழுத்துல எழுதி வச்சிருக்காங்க: கொடி, பெரிய பை, செவக்காது, அழுகல்னு தூக்கிப் போட்டுறாதீங்க.